அனுபவமும் அனுமதியும்: அமெரிக்கச் சட்டக்கல்விப் புகுமுகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவிலே பட்டப்படிப்பின் இறுதியாண்டிற் பயிலும் மாணவர் ஒருவர் நேரடியாகவே சட்டக்கல்லூரிக்கு விண்ணப்பிப்பதா, அன்றி ஓரிரு ஆண்டுகள் எங்கேனும் தொழில் பார்த்த பின்னர் விண்ணப்பிப்பதா என்னும் வினா, அந்நாட்டு மாணவரிடையேயும் அவர்தம் ஆலோசகரிடையேயும் இன்று பெரிதும் பேசப்படுவதொன்றாகும். தொழில் அனுபவம் இல்லாதவர் பின்தள்ளப்படுவாரோ என்ற அச்சமும், காலத்தை வீணாக்கலாகாது என்ற பதற்றமும் இவ்வினாவோடு பிணைந்துள்ளன. தரப்படும் விடைகள் பெரும்பாலும் தனிமனித விவேகம் சார்ந்தனவே. பரீட்சைப் புள்ளி எவ்வளவு, கடன் எவ்வளவு, மனம் முதிர்ந்துள்ளதா என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. ஆனால் இவ்வினாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு சமூக வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே தொழில் அனுபவம் என்பது ஒரு காலத்தில் சட்டத்துறையின் வாயிலாகவும் இன்னொரு காலத்தில் அத்துறைக்கு இழுக்காகவும் கொள்ளப்பட்டமையை நாம் காண்கிறோம். எவருடைய அனுபவம் அனுபவமாக எண்ணப்பட்டது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

எமது வாசகர் முதலில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். இலங்கையிலே க. பொ. த. உயர்தரம் முடித்த மாணவர் பல்கலைக்கழகச் சட்டபீடத்துக்கு நேரே செல்கிறார். சட்டமே அவருக்கு முதற்பட்டம். அமெரிக்காவிலோ வேறொரு துறையில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்தவருக்கே மூன்றாண்டுச் சட்டக்கல்வி தொடங்குகின்றது. எனினும், சட்டத்தைக் கந்தோரிற் பழகிக் கற்பதா, வகுப்பில் இருந்து கற்பதா என்ற இழுபறி எமக்கும் முற்றிலும் புதியதன்று. பிரக்கிராசி, அப்புக்காத்து என்ற பிரிவு 1974 இல் நீங்கிச் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் வரும்வரை, அவ்விரு பெயர்களுக்கும் எமது சமூகத்தில் வெவ்வேறு மதிப்பு இருந்தமையை மூத்த தலைமுறையினர் அறிவர்.

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சட்டம் கற்பது என்பது பெரும்பாலும் ஒரு வழக்கறிஞரின் கந்தோரிலே பயிலுநராக அமர்வதாகும். பத்திரங்களைப் பிரதி பண்ணுதல், அழைப்பாணைகளை எழுதுதல், ஓய்வு கிடைத்தபோது பிளாக்ஸ்ரனின் நூலைப் படித்தல் என்பன அவருடைய நாளாந்தக் கடமைகள். தோமஸ் ஜெபர்சன் 1762 முதல் ஜோர்ஜ் வைத் என்பாரிடம் இவ்வாறு கற்று 1767 இல் வழக்கறிஞரானார். வைத் சிறந்த ஆசிரியர். ஆயினும் இம்முறையைப் பற்றி ஜெபர்சன் நல்லெண்ணம் கொண்டிருக்கவில்லை. இளைஞனை வழக்கறிஞரிடம் ஒப்படைப்பது அவனுக்கு உதவியாவதிலும் பார்க்க இடையூறாவதே அதிகம் என்றும், ஆசான் தன் வேலைகளையெல்லாம் அவன் தலையிற் சுமத்திவிடுகிறார் என்றும் 1769 இல் உறவினர் ஒருவருக்கு எழுதினார். பயிலுநர் ஆசானுக்குக் கட்டணம் செலுத்துவதே பொது வழக்கு என்பதையும் இங்கு சேர்த்து நோக்குதல் வேண்டும். பணமும் கொடுத்து உழைப்பையும் கொடுப்பதற்கு வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளால் மாத்திரமே முடிந்தது. எனவே கந்தோர்க் கல்வியை இழந்துபோன ஒரு பொற்காலமாகக் கற்பனை செய்வோருடன் நாம் உடன்படுவதற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்முறையின் கட்டாயத் தன்மை தளர்ந்தது. மேற்கு நோக்கிய குடியேற்றமும், அந்திரூ ஜாக்சனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சனநாயக எழுச்சியும் சலுகை பெற்ற தொழிற்குழுக்கள் யாவற்றின்மீதும் ஐயத்தைத் தோற்றுவித்தன. 1800 இல் 19 நியாயாதிக்கப் பிரதேசங்களுள் 14 குறிப்பிட்ட கால ஆயத்தக் கல்வியை வேண்டின. 1860 இல் 39 இல் 9 மட்டுமே அவ்வாறு வேண்டின. இந்தியானா மாநிலத்தின் 1851 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நல்லொழுக்கமுடைய வாக்காளர் எவரும் நீதிமன்றங்களில் வழக்காட உரித்துடையவர் என்று விதித்தது. அவ்விதி 1932 வரை நிலைத்தது. 'வாக்காளர்' என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். பெண்களும் கறுப்பின மக்களும் அன்று அச்சொல்லுக்குள் அடங்கார். கதவு அகலத் திறந்தது உண்மை. ஆனால் யாருக்குத் திறந்தது என்பதும் உண்மையே.

ஆபிரகாம் லிங்கன் இக்காலத்தின் விளைபொருள். கடை நடத்தியவர், தபாலதிபர், நில அளவையாளர் எனப் பல தொழில்களைப் பார்த்த அவர், நண்பரிடம் இரவல் வாங்கிய சட்ட நூல்களைத் தாமாகவே கற்று 1836 இல் அனுமதி பெற்றார். சட்டம் பயில்வது எங்ஙனம் என வினவிய இளைஞர் ஒருவருக்கு 1855 இல் எழுதிய கடிதத்தில், தாம் எவரிடமும் அமர்ந்து கற்கவில்லை என்றும், நூல்களும் மனவுறுதியும் போதுமென்றும் குறிப்பிட்டார். வாழ்க்கை அனுபவம் நிறைந்த, கல்லூரி வாசலை மிதியாத வழக்கறிஞர் என்னும் படிமம் அமெரிக்க மக்களின் மனத்தில் லிங்கனாலேயே பதிந்தது எனலாம்.

இப்படிமத்தை உடைத்தெறிந்தவர் கிறிஸ்தோபர் கொலம்பஸ் லாங்டெல். 1869 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்ள்ஸ் எலியற் ஓர் இரசாயனவியலாளர். அவர் 1870 இல் லாங்டெல்லைச் சட்டக்கல்லூரிக்கு அழைத்துப் பீடாதிபதியாக்கினார். சட்டம் ஒரு விஞ்ஞானம், அதன் மூலப்பொருள்கள் அச்சிட்ட தீர்ப்புகளில் உள்ளன, ஆகவே இரசாயனவியலாளருக்கு ஆய்வுகூடம் எதுவோ அதுவே சட்ட மாணவருக்கு நூலகம் என்பது லாங்டெல்லின் கொள்கை. 1871 இல் அவர் ஒப்பந்தச் சட்டத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்ட நூலே இன்றுவரை தொடரும் வழக்குமுறைக் கற்பித்தலின் அடித்தளமாயிற்று. நீதிமன்றமோ கட்சிக்காரனின் கண்ணீரோ இந்த ஆய்வுகூடத்துள் நுழைவதற்கு இடமில்லை.

இக்கொள்கையின் துணிகரமான வெளிப்பாடு 1873 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. முன்னைய ஆண்டிலேதான் சட்டப்பட்டம் பெற்றிருந்த ஜேம்ஸ் பார் ஏம்ஸ் என்ற இளைஞர், வழக்காடிய அனுபவம் எதுவுமின்றி, உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அதுவரை முதிர்ந்த நீதிபதிகளும் பெயர்பெற்ற வழக்கறிஞர்களுமே அங்கு கற்பித்தனர் என்பதை நினைவிற் கொண்டால், இந்நியமனம் தொழிலுலகில் எழுப்பிய அதிர்ச்சியை ஊகிக்கலாம். ஏம்ஸ் 1895 முதல் 1910 வரை பீடாதிபதியாகவும் விளங்கினார். 1886 இல் ஆற்றிய உரையொன்றிலே லாங்டெல் தமது நிலைப்பாட்டை ஒளிவுமறைவின்றிக் கூறினார். கந்தோர் அனுபவமோ, மனிதரோடு பழகிய அனுபவமோ, வழக்குப் பேசிய அனுபவமோ சட்ட ஆசிரியனுக்குத் தகைமையாகாது. சட்டத்தைக் கற்ற அனுபவம் ஒன்றே தகைமையாகும் என்பது அதன் சாரம்.

லாங்டெல்லின் சொந்த வாழ்க்கையோ இதற்கு நேர்மாறானது. நியூ ஹாம்ஷயரின் வறிய விவசாயக் குடும்பத்தில் 1826 இற் பிறந்து, படிப்புச் செலவுக்காக ஆலைகளில் உழைத்து, ஹாவார்டில் இளங்கலைப் படிப்பை இடைநிறுத்தி, கந்தோரிற் பழகி, பின்னர் சட்டக்கல்லூரியில் நூலகப் பணி புரிந்தவாறே பயின்று, 1854 முதல் 1870 வரை நியூயோர்க்கிலே தொழில் செய்தவர் அவர். அவரது பீடாதிபதிக் காலத்திலேயே, 1893 இல், ஹாவார்ட் சட்டக்கல்லூரி சட்டப்பட்ட மாணவராகப் பட்டதாரிகளை மட்டும் சேர்ப்பதெனத் தீர்மானித்து 1896 முதல் நடைமுறைப்படுத்தியது. இளம் லாங்டெல் அவ்வாண்டில் விண்ணப்பித்திருப்பின் வாயிலிலேயே தடுக்கப்பட்டிருப்பார். எப்பட்டமும் ஏற்கப்பட்டதெனவும் கொள்ளலாகாது. ஏற்புடைய கல்லூரிகளுக்கு ஒரு பட்டியல் இருந்தது. பொஸ்ரன் கல்லூரி, ஹோலி குறொஸ் கல்லூரி ஆகிய யேசுசபைக் கல்லூரிகள் அப்பட்டியலில் இடம்பெறாமை குறித்து எலியற்றுக்கும் யேசுசபையினருக்கும் இடையே நூற்றாண்டின் இறுதியில் கடும் விவாதம் நிகழ்ந்தது. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளே அக்கல்லூரிகளில் பெருமளவிற் பயின்றனர் என்பது தற்செயலான தகவலன்று.

ஒலிவர் வென்டெல் ஹோம்ஸ் போன்றோர் லாங்டெல்லின் தருக்க வழிபாட்டை எள்ளி நகையாடினர். 1880 இல் எழுதிய மதிப்புரையொன்றில் ஹோம்ஸ் அவரை இறையியலாளருக்கு ஒப்பிட்டார்; அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே தருக்கத்துக்கு மேலாக அனுபவத்தை நிறுத்தினார். வழக்குமுறையில் வெறுப்புற்றோருக்குப் புகலிடமாகப் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தின் சட்டக்கல்லூரி 1872 இல் தோன்றியது. இருந்தும் வென்றது லாங்டெல்லின் முறையே. ஏன்? கற்பித்தற் சிறப்பை மட்டும் காரணங் காட்டுவது போதாது. உள்நாட்டுப் போரின் பின்னர் புகையிரதக் கம்பனிகளும் பெருங்கூட்டுத்தாபனங்களும் வளர்ச்சியுற்றன. அவற்றின் அலுவல்களை நடத்தும் பெரிய சட்ட நிறுவனங்கள் நியூயோர்க்கில் எழுந்தன. 1870 களில் விற்பனைக்கு வந்த தட்டச்சுப் பொறி, பிரதி பண்ணும் பயிலுநரின் தேவையை ஒழித்தது. அவ்விடத்துக்குக் குறைந்த சம்பளத்திற் பெண் தட்டெழுத்தாளர் வந்தனர். 1899 இல் ஒரு நியூயோர்க் நிறுவனத்திற் சேர்ந்த போல் கிறவாத் வகுத்த முறையின்படி, சட்டக்கல்லூரியிலிருந்து நேரே வெளிவரும் சிறந்த மாணவர்கள், வேறெங்கும் தொழில் செய்யாதவர்களாகவே பார்த்து, சம்பளத்துக்கு எடுக்கப்பட்டனர். பிறரிடம் பழகிய பழக்கம் குறையாயிற்று. அனுபவமின்மை என்பது இந்நிறுவனங்களின் கண்ணில் பிடித்தபடி வனையத்தக்க களிமண். கல்லூரியிலிருந்து சட்டக்கல்லூரிக்கு, அங்கிருந்து நிறுவனத்துக்கு என்ற நேர்கோடு இவ்வாறு உருவாயிற்று. நேரே செல்லும் மாணவர் என்ற மாதிரி மனிதர் இக்கூட்டுறவின் பிள்ளை என்பதே எமது கருத்து.

அதே காலத்தில், நேர்கோட்டிற் செல்ல வழியற்றோரும் சட்டம் பயின்றுகொண்டுதான் இருந்தனர். வாஷிங்டனில் கொலம்பியன் கல்லூரி 1865 இல் தொடங்கிய சட்டவகுப்புகள் அரசாங்க எழுதுவினைஞரின் அலுவல் நேரத்துக்கு இசைவாக மாலையில் நடத்தப்பட்டன. 1906 இல் கிளீசன் ஆர்ச்சர் பொஸ்ரன் நகரின் றொக்ஸ்பரிப் பகுதியில் தமது வீட்டிலேயே ஒரு சிலருக்கு இரவு வகுப்பைத் தொடங்கினார். பின்னர் சவ்பக் என்னும் பெயர் பெற்ற அக்கல்லூரி பெரும் எதிர்ப்பின் நடுவே 1914 இல் பட்டம் வழங்கும் உரிமையை வென்றது. பகலிற் கடையிலும் தொழிற்சாலையிலும் கந்தோரிலும் உழைத்துவிட்டு இரவில் நூலைத் திறந்த இம்மாணவரிடம் தொழில் அனுபவத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை. இவர்களிற் பெருந்தொகையினர் அயர்லாந்து, இத்தாலி, கிழக்கு ஐரோப்பா ஆகியவற்றிலிருந்து வந்தோரின் பிள்ளைகள். ஆனால் தொழிலின் தலைவர்கள் அவ்வனுபவத்தைத் தகைமையாகக் காணவில்லை. தொழிலின் தரத்தைக் கெடுக்கும் மாசு என்றே கண்டனர்.

1921 ஆம் ஆண்டு இவ்வகையில் முக்கியமானது. கார்னெகி நிறுவனத்துக்காக அல்பிரட் றீட் எழுதிய விரிவான அறிக்கை அவ்வாண்டில் வெளியாயிற்று. றீட் வழக்கறிஞர் அல்லர்; ஒருவேளை அதனாற்றான் நேர்மையாக எழுத முடிந்ததோ என எண்ணத் தோன்றுகிறது. ஒரு சனநாயகத்தில் சட்டத்தொழில் ஆட்சியின் பகுதி. ஆகவே உழைத்து வாழ்வோருக்கு அது மூடப்படலாகாது. பகுதிநேரக் கல்லூரிகள் நிலைக்கும், அவற்றைச் சீர்திருத்துவதே தக்கது என்பது அவர் முடிவு. அவர் முன்வைத்த பிரிவுபட்ட வழக்கறிஞர் அமைப்பில், வறியோருக்கு வறிய வழக்கறிஞர் என்ற ஆபத்து உறைந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமோ இலிகு றூற்றின் தலைமையில் வேறு வழியை நாடியது. சட்டக்கல்லூரியிற் சேர்வதற்கு முன் இரண்டாண்டுக் கல்லூரிக் கல்வி வேண்டும், சட்டக்கல்வி முழுநேரமாயின் மூன்றாண்டு, பகுதிநேரமாயின் அதனினும் நீண்டது என்று அது தீர்மானித்தது. தரத்தை உயர்த்துதல் என்ற கோஷத்தின் உள்ளே குடிவரவாளர்மீதான வெறுப்பு எவ்வளவு கலந்திருந்தது என்பதை ஜெரோல்ட் அவர்பாக் 1976 இல் வெளியிட்ட ஆய்வு சங்கத்தாரின் சொந்தப் பேச்சுகளைக் கொண்டே நிறுவியுள்ளது.

இவ்விடத்தில் நிறுத்தினால் எமது வாதம் எளிதாக முடிந்துவிடும்: முழுநேரக் கல்வி மேட்டுக்குடியினரின் கருவி, இரவுக்கல்லூரி உழைப்பாளரின் கோட்டை. ஆனால் வரலாறு அவ்வளவு நேர்த்தியாக நடந்துகொள்வதில்லை. ஹவார்ட் என்னும் கறுப்பினப் பல்கலைக்கழகத்தின் கதை இதனை உணர்த்தும். (பொஸ்ரனுக்கு அயலிலுள்ள ஹாவார்டிலிருந்து இது வேறானது, இது வாஷிங்டனில் உள்ளது.) 1869 இல் ஆரம்பித்த அதன் சட்டத்துறை, பகலில் உழைப்போருக்கான மாலைக் கல்லூரியாகவே வளர்ந்தது. அமெரிக்காவின் முதற் கறுப்பினப் பெண் வழக்கறிஞரான சார்லொற் றே, அங்கேயே ஆயத்தப் பாடசாலையில் ஆசிரியையாகப் பணிபுரிந்தவாறு பயின்று 1872 இல் வெளியேறினார்.

1929 இல் அதன் பொறுப்பை ஏற்றவர் சார்ள்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன். 1915 இல் பட்டதாரியாகிச் சிலகாலம் கற்பித்து, முதலாம் உலகப் போரில் இராணுவ அதிகாரியாகப் பிரான்ஸ் சென்றவர். தமது நாட்டின் சீருடையை அணிந்திருந்த நிலையிலும் வெள்ளை அதிகாரிகளிடம் பட்ட அவமானமே அவரைச் சட்டத்தின்பாற் செலுத்தியது. 1919 இல் ஹாவார்ட் சட்டக்கல்லூரியிற் சேர்ந்தார். அனுபவம் ஒருவரைச் சட்டக்கல்விக்கு ஆயத்தம் செய்யும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. அத்தகைய ஹூஸ்டன்தான், தொழில் பார்த்தவாறு கற்போருக்கான மாலைக் கல்லூரியை மூடினார். பழைய மாணவர் எதிர்த்தனர். அவர்களுடைய எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. சம்பளத்தைத் துறந்து மூன்றாண்டு பகலிற் படிக்கக்கூடிய கறுப்பினக் குடும்பங்கள் பொருளாதார வீழ்ச்சியின் வாயிலில் எத்தனை இருந்திருக்கும்? எனினும் சங்கத்தின் அங்கீகாரமின்றேல், ஹவார்ட்டின் பட்டத்தை இரண்டாந்தரம் என்று ஒதுக்க வெள்ளையருக்கு எப்போதும் ஒரு சாட்டு இருக்கும் என்று ஹூஸ்டன் கருதினார். 1931 இல் அங்கீகாரம் கிட்டியது. மாணவர் தொகை சுருங்கியது.

சுருங்கிய அவ்வகுப்பில், 1930 இல் பட்டப்படிப்பை முடித்துவிட்டு இடைவெளியின்றி வந்து சேர்ந்தவர் தேர்கூட் மார்ஷல். பரிசாரகர் ஒருவருக்கும் பாடசாலை ஆசிரியை ஒருவருக்கும் பிறந்த அவர் பால்ரிமோரிலிருந்து நாள்தோறும் புகையிரதத்தில் வாஷிங்டனுக்குச் சென்று கற்றார். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக்கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. 1933 இல் வகுப்பில் முதன்மையாகத் தேறிய மார்ஷல், ஹூஸ்டனுடன் இணைந்து டொனால்ட் மறேயின் வழக்கை நடத்தினார். மறே 1934 இல் அம்ஹேஸ்ற் கல்லூரிப் பட்டம் பெற்று மேரிலாந்து சட்டக்கல்லூரிக்கு விண்ணப்பித்த கறுப்பின இளைஞர். அவரிடம் தொழில் அனுபவம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. நிறமே விடையாக இருந்தது. அவரைச் சேர்க்குமாறு 1935 இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. 1936 இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. பாடசாலைகளில் இனப் பிரிவினையை முறியடித்த 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குச் சென்ற பாதை இங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

மார்ஷலை 'அனுபவமின்றி நேரே வந்தவர்' என்ற வகையுள் அடக்குதல் தகுமா என்பதும் சிந்திக்கற்பாலது. மாணவப் பருவத்திலேயே பரிசாரகராக உழைத்தவர் அவர். ஆயின் அவ்வகை உழைப்பு விண்ணப்பப் பத்திரங்களில் 'தொழில் அனுபவம்' என்ற கௌரவத்தை அரிதாகவே பெறுகின்றது. ஹூஸ்டன் செய்தது சரியா என்று எம்மைக் கேட்பின், அன்றைய நிலையில் சரியே என்று கூறுவோம். ஆனால் மாலை வகுப்பை இழந்த எழுதுவினைஞரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எளிதன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தைச் சுருக்கமாகவே கூறலாம். 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியுடன் போர்வீரர் பெருந்தொகையாகக் கல்லூரிகளுக்கு வந்தனர். போர்முனை அனுபவத்தோடு சட்டம் பயின்ற தலைமுறை அது. நாடளாவிய சட்டக்கல்லூரிப் புகுமுகப் பரீட்சை 1948 பெப்ரவரியில் முதன்முறை நடத்தப்பட்டது. புள்ளி முன்னே வர, வாழ்க்கை பின்னே சென்றது. ஹாவார்ட் சட்டக்கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1950 இலேதான் என்பதையும் மறத்தலாகாது. 1933 இல் ஜெரோம் பிராங் சட்டக்கல்விக்கு மருத்துவமனை போன்ற பயிற்சிக்களம் வேண்டும் என வாதாடினார். 1968 இல் மீளத் திறக்கப்பட்ட நோர்த்ஈஸ்டேர்ன் பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரி படிப்பையும் தொழிலையும் மாறிமாறி அமைத்தது. இவை விதிவிலக்குகள்.

அண்மைத் தசாப்தங்களில் காற்று திசைமாறியுள்ளது. நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரி தொழில் அனுபவமுள்ளோரை விரும்பித் தேடலாயிற்று. அனுபவமற்ற ஏம்ஸைப் பேராசிரியராக்கிய ஹாவார்ட், இன்று பட்டப்படிப்பின் மூன்றாமாண்டிலேயே மாணவரைத் தெரிந்து, இரண்டாண்டு வெளியே இருந்துவிட்டு வருமாறு கூறும் திட்டமொன்றை நடத்துகிறது. 2014 இல் தன் மாணவருக்கு மட்டும் தொடங்கிய அத்திட்டத்தை 2017 இல் ஏனைய கல்லூரி மாணவருக்கும் அது விரித்தது. அங்கு சேர்வோருட் பெரும்பான்மையோர் பட்டம் பெற்று ஓராண்டேனும் கழிந்தவர்களே. அனுபவம் மீண்டும் மதிப்புப் பெற்றது நல்லதே. மனிதரோடு பழகாது மனிதரின் வழக்கைப் பேசுதல் அரிது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டாண்டை எவ்வாறு கழிப்பது என்பது பணப்பையைப் பொறுத்தது. தலைநகரில் ஊதியமின்றிப் பயிற்சி பெறவும், ஆலோசனை நிறுவனத்திற் கால்பதிக்கவும் வாய்ப்புள்ளவருக்கு அது விண்ணப்பத்தை மெருகூட்டும் காலம். கடையிற் பொதி கட்டி, தம்பி தங்கையரின் படிப்புச் செலவைத் தாங்கும் பட்டதாரிக்கு அதுவே சட்டக்கல்லூரி எட்டாத்தூரம் விலகிச் செல்லும் காலமாகவும் அமையலாம். அத்தகையவர் ஓராண்டும் தாமதியாது நேரே விண்ணப்பிக்க விரைவதை முதிர்ச்சியின்மை என்று அனுமதிக் குழு வாசிக்குமாயின், 1921 இல் இரவுக்கல்லூரி மாணவரை வாசித்த அதே கண்களே இன்றும் வாசிக்கின்றன.

பட்டம், சட்டக்கல்லூரி என்ற ஏணி யாவரையும் கட்டுப்படுத்தும் இக்காலத்திலும் கலிபோர்னியா, வேர்ஜீனியா, வேர்மொன்ற், வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்கள், வழக்கறிஞர் அல்லது நீதிபதி ஒருவரிடம் பல ஆண்டுகள் அமர்ந்து பயின்றவரைச் சட்டக்கல்லூரி செல்லாமலே பரீட்சைக்குத் தோற்ற அனுமதிக்கின்றன. அவ்வழியிற் செல்வோர் மிகச் சிலர். அவர்களுள்ளும் பரீட்சையிற் தேறுவோர் குறைவு.